கைக்காவலுக்கு அஞ்சு

மழை விட்டு இரண்டு நாளாகியும் அச்சறைச் சுவர் காயவில்லை. ஈரக் காற்றில் தாள் தளர்ந்துபோகும். தளர்ந்த தாளை மெஷினுக்குள் விட்டால் பாதி வழியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். அதனால் மழைக்காலம் முழுக்க அச்சக்கா ஒவ்வொரு கட்டையும் பிரித்து, கைப்பிடி கைப்பிடியாக விசிறி, மேசை விளக்கின் சூட்டில் காட்டி, தட்டிச் சமன் செய்துதான் மெஷினுக்குக் கொடுப்பாள். குழந்தைக்குத் தலை துவட்டிவிடுகிற பொறுமை அந்த வேலைக்கு வேண்டும். மற்ற எதிலும் அவளுக்குப் பொறுமை கிடையாது என்பது வேறு விஷயம்.

அச்சக்கா என்பது பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். பத்தொன்பது வருஷத்தில் அது பேராசிரியர்கள் வாய்க்கும் ஏறிவிட்டது. பதிலுக்கு அவள் மெஷினுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். அவள் கல்யாணமாகி வந்தபோது மாமியார் உயிரோடு இல்லை. அந்தக் குறை தெரியாமல் மெஷின் பார்த்துக்கொண்டது. நேரத்துக்குத் தாள் வைக்காவிட்டால் முனகும். ஈரத் தாளை வைத்தால் கடித்துத் துப்பும். வாசலில் நாலு பேர் காத்திருக்கிற நேரமாகப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

அன்றைக்கு மாமியார் நல்ல மனநிலையில் ஓடிக்கொண்டிருந்தபோது புதுப் பதிவாளர் உள்ளே வந்தார். சின்ன உருவம், சத்தமே இல்லாத நடை. வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல் மூலையிலிருந்த கழிவுத்தாள் பெட்டிக்குள் குனிந்து ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் வெள்ளை.

"இது எத்தனை நாள் சேர்ந்ததும்மா?"

"இன்னைக்குக் காலையிலேர்ந்து சார்."

பதிவாளர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சுத்தி வளைக்காம சொல்லிடறேன். போன வருஷம் இங்க ஓடின தாளை அடுக்கினா நம்ம நூலகக் கட்டடத்தை விட உயரம் வருது. அச்சறையை மூடிட்டு வேலையை வெளிய கொடுத்துடலாம்னு குழுவுல பேசறாங்க. நான் ஒரு பருவம் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கேன். இந்தப் பருவத் தேர்வு முடியறதுக்குள்ள மூணுல ஒரு பங்கு குறையணும். குறைஞ்சா அச்சறை இருக்கும்."

"குறையலேன்னா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து வளாகத்துக்கு உங்களை மாத்துவாங்க. வேலை போகாது."

"வீடு?"

பதிவாளர் தரையைப் பார்த்தார். "குவார்ட்டர்ஸ் அச்சறைக்குன்னு கொடுத்தது. அச்சறையே இல்லேன்னா..."

மனிதர் கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். நல்லவராக வந்து உட்கார்ந்து இப்படிச் சொன்னால் என்ன செய்வது? அவர் போன பிறகு மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். பத்தடி தூரத்தில் அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல் தெரிந்தது. கம்பியில் அவள் கணவனின் வெள்ளை மேலங்கி காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு குழாயடி. அவ்வளவுதான் வீடு. ஆனால் அந்த வீட்டை வைத்துத்தான் மூன்று பேர் பிழைப்பும் நடந்தது. கணவன் வளாகத்துக் கேண்டீனில் தலைமைச் சமையல்காரன். நானூறு பேருக்குக் காலைச் சாப்பாடு தயாராக வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே அடுப்பு பற்ற வேண்டும். அந்த நேரத்துக்கு ஆற்றைத் தாண்டி வர பஸ் கிடையாது. மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா. அச்சக்காவுக்கு நாத்தனார். கூப்பிடுவது அண்ணி என்று. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். தேர்வுப் பிரிவில் முப்பத்தோரு வருஷம். முதுகு வளையாத நடை, கண்ணாடிக்கு மேல் பார்க்கிற பார்வை. வினாத்தாள் எந்தத் துறைக்கு எத்தனை என்று எழுதி அச்சறைக்கு அனுப்புகிற கையெழுத்து அவருடையது.

அச்சக்கா மறுநாளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். மெஷினை இரண்டு பக்கமும் அச்சடிக்கும்படி மாற்றி வைத்தாள். ஒரு பக்கம் வெள்ளையாக இருந்த தாளையெல்லாம் தைத்துக் குறிப்பேடாக்கி வாசலில் வைத்தாள். ஒரு பேராசிரியர் தனக்கு வருகிற மின்னஞ்சலை அச்செடுத்துப் படித்து, பதிலைக் கையால் எழுதி, அதைத் தட்டச்சு செய்து மறுபடி அச்செடுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார். அவர் எதிரில் போய் நின்று, "சார், திரையிலயே படிச்சா கண்ணு கெட்டுடும்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள். "எங்க வீட்டம்மா" என்றார் அவர். அந்த அம்மாவையும் போய்ப் பார்த்து வந்தாள்.

இரண்டு மாதம் இப்படி அலைந்தாள். பதிவாளர் அறையிலிருந்து வந்த சீட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதாகப் போட்டிருந்தது. பருவத் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அதுதான் தாள் அதிகம் தின்கிற காலம்.

அப்போதுதான் ஒரு புதன்கிழமை மத்தியானம் பழைய டோனர் உறை ஒன்றைத் தேடி அவள் கீழ்த்தளக் கிடங்குக்குப் போனாள். தேர்வு முடிந்து மிச்சமாகும் வினாத்தாள்கள் தேர்வுப் பிரிவு வழியாக அங்கே வந்து சேரும். ஒரு வருஷம் வைத்திருந்து, பிறகு லாரியில் ஏற்றிக் கூழாக்க அனுப்புவார்கள். அவள் அச்சடித்துக் கட்டி மேலே அனுப்புவதோடு சரி. திரும்பி வருவதைப் பார்த்ததில்லை.

விளக்கைப் போட்டாள். தரையிலிருந்து தோளுயரம் வரை கட்டுகள். எல்லாம் சணல் கயிறு போட்ட கட்டுகள். அச்சக்கா இடது கைக்காரி. வினாத்தாளை இருபத்தைந்தாக அடுக்கிக் கட்டும்போது அவள் முடிச்சு எப்போதும் இடப்பக்கம் சாய்ந்து, வால் உள்ளே செருகியிருக்கும். அப்படிக் கட்ட வேறு யாருக்கும் வராது. பிரித்தவர்கள் திருப்பிக் கட்டினால் வலது கை முடிச்சாகத்தான் இருக்கும்.

அங்கே இருந்த அத்தனை முடிச்சும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஒன்றைத் தொட்டாள். இன்னொன்றைத் தொட்டாள். யாரும் பிரிக்கவில்லை. அவள் விசிறி, சூடு காட்டி, தட்டி, மாமியாரிடம் திட்டு வாங்கி, கட்டி அனுப்பியது அப்படியே படியேறிப் போய் அப்படியே படியிறங்கி வந்து படுத்திருந்தது. அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கைவலி ஞாபகம் வந்தது. பிறகு அந்தக் கட்டுகள் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷ உழைப்பில் பாதியைக் கிடங்குக்காகச் செய்திருக்கிறோம் என்று தெரிந்தால் யாருக்குத்தான் அழுகை வராது?

சாயங்காலம் சமையலறையில் கணவன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். கேண்டீனில் நானூறு பேருக்குச் சமைத்துவிட்டு வந்தாலும் வீட்டில் மூன்று பேருக்குச் சமைப்பதை அவன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அண்ணி மேசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கற மாதிரி கேக்கப் போறன்னு அர்த்தம். கேளு."

"ஒரு வகுப்புல நாப்பத்தோரு பேர் இருந்தா நீங்க எனக்கு எத்தனைன்னு எழுதுவீங்க?"

"துறையிலேர்ந்து என்ன வருதோ அதுக்கு மேல பத்து."

"துறையில என்ன எழுதறாங்க?"

"அம்பது எழுதுவான். நாப்பத்தோரு பேருக்கு வாத்தியார் நாப்பத்தஞ்சுன்னு சொல்லுவார். ஆபீஸ்ல இருக்கறவன் முழுசா இருக்கட்டும்னு அம்பதாக்குவான்."

"நீங்க அதை அறுபதாக்குவீங்க."

"ஆமா. குறைஞ்சா யாரு பதில் சொல்றது?"

கணவன் கத்தியை நிறுத்தினான். "சரி, அறுபதுன்னு அக்கா எழுதிக் கொடுத்தா நீ எத்தனை அடிப்ப?"

அச்சக்கா உருளைக்கிழங்குத் தோலை ஒன்றாக ஒதுக்கினாள். இந்தக் கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"சொல்லு."

"இருபத்தஞ்சு இருபத்தஞ்சாத்தானே கட்டறேன்... அறுபதுன்னா மூணு கட்டு. எழுபத்தஞ்சு."

"அவ்வளவுதானா?"

"மசி இழுத்துதுன்னா, ஓரம் மடங்கிச்சுன்னா..." அவள் குரல் இறங்கியது. "கைக்காவலுக்கு ஒரு அஞ்சு."

"எம்பது!" என்றான் அவன். "நாப்பத்தோரு பேருக்கு எம்பது! ஆளுக்கு ரெண்டு கொடுத்தாக்கூட ரெண்டே ரெண்டுதான் குறையும். அவ்வளவு கரெக்டா வச்சிருக்கீங்க."

சிரிக்கக் கூடாது என்றுதான் அச்சக்கா நினைத்தாள். சிரித்துவிட்டாள். அண்ணி சிரிக்கவில்லை.

"எங்க கிச்சன்ல நாலு பேர் நிக்கறோம் அக்கா," என்றான் அவன். "உப்பு போடறது ஒரே கை. என் கை. மத்தவன் போட்டானோ இல்லையோன்னு நாலு பேரும் ஆளுக்கொரு பிடி போட்டா வாயில வைக்க முடியுமா? உங்க ஊர்ல எல்லாரும் உப்பு போடறீங்க."

"ஆமா அண்ணி," என்று பிடித்துக்கொண்டாள் அச்சக்கா. "எத்தனை பேர் எழுதறாங்களோ அத்தனை அடிப்போம். கைக்காவலுக்கு ஒவ்வொரு பேப்பருக்கும் அஞ்சு. அது ஒரே இடத்துல, உங்ககிட்ட. வேற யாரும் ஒண்ணுகூடச் சேக்கக் கூடாது. இத மட்டும் செஞ்சா பாதி குறைஞ்சிடும். வீடு தங்கிடும்."

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஹால்ல குறைஞ்சா?"

"குறையாது அண்ணி."

"அன்னைக்குக் குறைஞ்சுதே."

அந்த அன்றைக்கு எந்த அன்றைக்கு என்று மூன்று பேருக்கும் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தேர்வு நாள். அப்போதெல்லாம் அண்ணி சரியாக எண்ணித்தான் எழுதுவார், அச்சக்காவும் அத்தனைதான் அடிப்பாள். ஒரு ஹாலில் முப்பத்தெட்டுப் பேர், முப்பத்தெட்டு வினாத்தாள். கொடுத்து முடித்தபோது மூன்று பிள்ளைகள் வெறுங்கையோடு எழுந்து நின்றன. அந்த நேரம் அங்கே சுற்றிப் பார்க்க வந்திருந்த தேர்வு அதிகாரி, கூப்பிட்டனுப்பிய அண்ணியை அத்தனை பிள்ளைகள் நடுவில் நிறுத்தி, "எண்ணத் தெரியாதவங்களை எல்லாம் யாரு இங்க உக்கார வச்சது?" என்று கேட்டார். அண்ணி கொட்டுகிற மழையில் அச்சறைக்கு ஓடி வந்தார். அன்றைக்கு மூன்று பிரதி அடித்துக் கொடுத்தவள் அச்சக்காதான். நனைந்துபோன அந்த முகத்தை அவள் மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தாள்.

"அதுக்கப்புறம் ஒரு தரம் குறைஞ்சிருக்கா?" என்றார் அண்ணி. "ஒரு தரம்? சொல்லு. நான் ஏன் சேக்கறேன்னு உனக்குத் தெரியாதா? என்னைக் கொண்டுபோய் மறுபடி அங்க நிறுத்தறேங்கற."

சாப்பிடாமல் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலு நாள் வீட்டில் பேச்சில்லை. அண்ணி காலையில் குடையும் பையுமாகக் கிளம்புவார், சாயங்காலம் வந்து ரொட்டியும் தேநீரும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். கணவன் இரண்டு பக்கமும் நடையாக நடந்து அலுத்துப்போனான். அச்சக்கா பாத்திரத்தைப் போடுகிற சத்தத்தில் அவள் கோபம் தெரு வரைக்கும் கேட்டது. அண்ணி மேல் அவளுக்குக் கோபமில்லை. வீடு போய்விடும் என்ற பயம்தான் அப்படிச் சத்தம் போட்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் தேர்வுப் பிரிவுக்கே போனாள். அண்ணி கண்ணாடிக்கு மேல் பார்த்தார்.

"அண்ணி, தேர்வு நடக்கற அத்தனை நாளும் மெஷினை அணைக்க மாட்டேன். அந்தந்த நாள் பேப்பரை உள்ளயே வச்சிருப்பேன். எந்த ஹால்லயாவது ஒண்ணு குறைஞ்சுதுன்னா ஒரு நிமிஷத்துல அடிச்சு நானே தூக்கிட்டு ஓடறேன். யாராவது கேட்டா அச்சறையில தப்புன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க."

அண்ணி பேனாவைக் கீழே வைத்தார். "உன் பேரைச் சொல்லி நான் தப்பிச்சுக்கணுமா? போடி இவளே. முப்பத்தோரு வருஷமா என் கையெழுத்துக்கு நான்தான் பதில் சொல்லியிருக்கேன்."

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ? ஒரு சீட்டு கொண்டா. துறைங்களுக்கு அனுப்பற படிவத்துல 'தேவைப்படும் பிரதிகள்'னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதை எடுத்துடு. 'தேர்வு எழுதுவோர் பெயர்'னு போடு. எத்தனை வேணும்னு கேட்டா வாய்க்கு வந்ததைச் சொல்லுவான். யாரு யாருன்னு கேட்டா உண்மையைச் சொல்லித்தானே ஆகணும்?"

அச்சக்காவுக்கு அண்ணியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பதினோரு எழுத்தர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் மேசையைக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அண்ணி எடுத்த அவதாரத்தைத் தேர்வுப் பிரிவு அதுவரை பார்த்ததில்லை. படிவம் பிடிக்காமல் ஒரு துறை எழுத்தர் நேரில் வந்தார். "எதுக்கும்மா இதெல்லாம்? முழுசா அம்பதுன்னு போட்டுக்கங்க."

"போட்டுக்கறேன். அம்பதாவது ஆளு பேரைச் சொல்லுங்க."

"நாப்பத்தாறு பேர்தான் இருக்காங்க..."

"அப்ப மீதி நாலு பேரு யாரு? உங்க வீட்டுப் பிள்ளைங்களா? கூட்டிட்டு வாங்க, ஹால்ல இடம் போட்டுத் தரேன்."

அந்தச் செய்தி மாலைக்குள் எல்லாத் துறைக்கும் பரவிவிட்டது. பெயர்ப்பட்டியல்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. அச்சக்கா இருபத்தைந்துக் கட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு ஹாலுக்கும் அந்த ஹாலின் ஆள் எண்ணிக்கைக்குக் கட்டினாள். கை பழக்கத்தில் ஐந்தைந்து கூடுதலாக ஓடவிடப் பார்த்தது. முதல் நாள் மூன்று தடவை தன் கையைத் தானே தட்டிவிட்டுக்கொண்டாள். வழக்கமாக ஆறு நாள் ஓடுகிற வேலையை மாமியார் மூன்றே கால் நாளில் முடித்துவிட்டு, நம்ப முடியாமல் நின்றது.

தேர்வு தொடங்கியது. முகப்பு மண்டபத்தில் ஒரு மேசை போட்டு அண்ணி உட்கார்ந்தார். எதிரில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் அன்றைய ஒவ்வொரு பேப்பருக்கும் ஐந்து பிரதி, பக்கத்தில் தொலைபேசி. அச்சறையில் மெஷின் சூடாகக் காத்திருந்தது. முதல் நாள் மணி அடித்த பிறகு பதினைந்து நிமிஷம் அச்சக்கா மூச்சு விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. தொலைபேசி அடிக்கவில்லை. இரண்டாம் நாளும் அடிக்கவில்லை. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. அண்ணி வீட்டில் மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கணவன் முட்டைகளை உடைத்து ஊற்றிக்கொண்டே, "பாத்தியா அக்கா, ஒரு கை உப்பு" என்றான். "உன் உப்பை நீ வச்சுக்க. இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு," என்றார் அண்ணி.

அந்த ஒரு நாளில்தான் தொலைபேசி அடித்தது.

"ஏழாம் ஹாலும்மா. ரெண்டு குறையுது."

ஒரே இணைப்பிலிருந்த அச்சறைத் தொலைபேசியிலும் அது கேட்டது. அச்சக்கா மசி படிந்த கையோடு மழையில் ஓடினாள். முகப்பு மண்டபத்தை அவள் எட்டியபோது அண்ணி பெட்டியைத் திறந்து இரண்டு பிரதியை எடுத்துக்கொண்டு குடையை விரித்திருந்தார். ஓடவில்லை. நடந்தார். அச்சக்கா பின்னாலேயே போனாள். தகவல் தெரிந்து பதிவாளரும் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

ஏழாம் ஹாலில் இரண்டு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணி முதலில் அவர்கள் கையில் தாளைக் கொடுத்து, "உக்காருங்க, எழுதுங்க, ரெண்டு நிமிஷம் கூடுதலாத் தருவாங்க" என்று உட்கார வைத்தார். பிறகு வாசல் பக்கம் நின்று தலைகளை எண்ணினார். உதடு அசைவது அச்சக்காவுக்குத் தெரிந்தது. முப்பத்தாறு. இத்தனை நாளில் ஒருவர்கூட விடாமல் எல்லோரும் எழுத வந்திருந்த ஹால் இது ஒன்றுதான். கட்டியதும் முப்பத்தாறு.

மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று அச்சக்கா நினைத்தாள்.

அண்ணி மேற்பார்வைக்கு இருந்த இளம் ஆசிரியர் பக்கம் திரும்பி, பிள்ளைகளுக்குத் தொந்தரவில்லாத குரலில் கேட்டார். "உங்க கையில என்ன சார் அது?"

"இதுவா? கொஸ்டின் பேப்பர். சும்மா படிச்சுப் பாக்கறதுக்கு."

"உங்ககிட்ட மேடம்?"

மேற்பார்வைக்கு இருந்த அம்மாள் கைப்பையைத் தொட்டார். "எங்க துறை ஃபைலுக்கு ஒண்ணு எடுத்து வச்சேன். எப்பவும் எடுக்கறதுதானே? மிச்சம் நிறைய இருக்கும், இல்லேன்னா வராதவங்களோடது இருக்கும். யாரும் கேட்டதில்லையே."

"எப்பவும்னா எத்தனை வருஷமா?"

"நான் சேர்ந்து பதினாலு வருஷம். எனக்கு முன்னால இருந்தவங்களும் எடுப்பாங்க. வழக்கம்தான்."

அண்ணி அந்த இரண்டு தாளையும் வாங்கி நீவி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, உடம்புக்கு என்ன?"

"அன்னைக்கும் ஒருத்தன்கூட வராம இல்லடி. முப்பத்தெட்டும் வந்திருந்துது." அண்ணி தூணில் சாய்ந்தார். "எனக்கு எண்ணத் தெரியும்டி. அன்னைக்கும் எனக்கு எண்ணத் தெரியும்."

மழைச்சத்தத்தில் அண்ணி அழுத அழுகை வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அச்சக்கா மசிக் கையாலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். வெளுத்த சேலையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. பதிவாளர் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டார்.

சனிக்கிழமை அவரே அச்சறைக்கு வந்தார். இந்த முறை வணக்கம் சொன்னார். "மூணுல ஒரு பங்கு கேட்டேன். ஏறக்குறைய பாதி குறைஞ்சிருக்கு. அச்சறை இருக்கும். வீடும் இருக்கும். மேற்பார்வைக்கு வர்றவங்க தாளை எடுத்து வச்சுக்கக் கூடாதுன்னு உத்தரவும் போட்டாச்சு." அச்சக்கா ஜன்னல் வழியே, "ஏங்க! ஏங்க!" என்று கத்திய கத்தலில் கணவன் கரண்டியோடு ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் பதிவாளர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். அவர் சட்டையெல்லாம் எண்ணெய்.

அண்ணிக்கு மட்டும் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

"அந்த அதிகாரி ரிட்டயர் ஆகி எங்க இருக்கார்னு விசாரிடா."

"அக்கா, அவருக்கு இப்ப எழுபது வயசு இருக்கும்."

"இருக்கட்டும். காது கேக்கும்ல?"

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். வழி முழுக்க அண்ணி ஒரே வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். பழைய அதிகாரியின் வீட்டு வாசலில் மணியை அவரே அடித்தார். தடியூன்றி வந்து கதவைத் திறந்தவர் அண்ணியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அன்னைக்கு மூணு குறையலைங்க," என்றார் அண்ணி. "முப்பத்தெட்டுத் தாளும் வந்துது. உள்ள நின்னவங்க எடுத்துக்கிட்டாங்க."

"தெரியும்மா," என்றார் பெரியவர்.

அண்ணி சொல்லத் தயாராக வந்திருந்த வாக்கியம் முடிந்துவிட்டது.

"ரெண்டு பேர் ஆளுக்கொண்ணு எடுத்திருந்தாங்க. மூணாவது என் சட்டைப் பையில இருந்துது. ஹாலுக்குள்ள நுழையும்போது மேசையிலேர்ந்து ஒண்ணு எடுத்து மடிச்சு வச்சேன், வழக்கம் மாதிரி. சாயங்காலம் சட்டையைக் கழட்டறப்பதான் பாத்தேன். மறுநாள் சொல்லணும்னு நினைச்சேன். பதவி, மரியாதை... நாள் தள்ளித் தள்ளி ரிட்டயரே ஆயிட்டேன். உள்ள வாம்மா."

"நான் வரலை," என்றார் அண்ணி. பெரியவருக்கு முகம் சுண்டிப்போனது. அச்சக்காகூட இரக்கப்பட்டுவிட்டாள். அண்ணி இரக்கப்படவில்லை. "நீங்க வாங்க. நாளைக்குப் பத்தரைக்குத் தேர்வுப் பிரிவுக்கு வாங்க. நாலு பேர் முன்னால சொன்னதை நாலு பேர் முன்னால திருப்பி எடுத்துக்குங்க."

வருவார் என்று அச்சக்கா நம்பவில்லை. வந்தார். திங்கட்கிழமை பத்தரைக்குத் தேய்த்த சட்டையும் தடியுமாகத் தேர்வுப் பிரிவின் நடுவில் நின்றார். எழுத்தர்கள் எழுந்து நின்றார்கள். அச்சக்கா மெஷினை விட்டுவிட்டு வந்திருந்தாள், கணவன் அடுப்பை விட்டுவிட்டு வந்திருந்தான். வாசலில் பதிவாளர்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால," என்றார் பெரியவர், பழைய அதிகாரக் குரலிலேயே, "இவங்களுக்கு எண்ணத் தெரியாதுன்னு பிள்ளைங்க முன்னால சொன்னேன். அன்னைக்கு இவங்க எண்ணினது சரி. ஒரு தாள் என் பையில இருந்துது. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்னுது."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கணவன் தட்டிய தட்டில் மேசை மேலிருந்த பேனா உருண்டு விழுந்தது. அண்ணி கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. முதுகு வளையாமல் நின்று கேட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் பெரியவருக்குப் போட்டு, "உக்காருங்க, டீ வரும்" என்றார்.

மறுதேர்வுக்குப் பெயர்ப்பட்டியலோடு ஒரு துறை எழுத்தர் வெகுநேரமாக வாசலில் நின்றிருந்தார். அண்ணி அவரைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"எத்தனை?"

"இருபத்து மூணும்மா. எண்ணிட்டேன்."

அண்ணி பட்டியலைத் தன் பக்கம் திருப்பினார். அச்சக்கா அவர் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி இருபத்து மூன்று என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவளிடம் நீட்டினார்.

"என்ன பாக்கற? போய் அடி."